குசினிக்கு வந்த கொள்கை

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கட்சி பிறந்தது. கட்சிகள் மாநாட்டுப் பந்தலில் பிறப்பதாகப் பத்திரிகையில் படித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு நீள மேசையும் கொஞ்சக் கதிரைகளும் கிடந்த அறையில்தான் அது பிறந்தது. பிரசவம் பார்த்தவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர். தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்.

வடக்கிலே பெரிய தமிழ்க் கட்சிகள் இருந்தன. தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் ஊருக்கும் வந்து பேசிவிட்டுப் போயின. இது அவற்றில் ஒன்றல்ல. அந்தக் கட்சிகள் இளகிவிட்டன, கண்டவனையும் உள்ளே விடுகின்றன, இனி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன ஆட்களின் கட்சி இது. பெயர் வேண்டாம், சொன்னாலும் இன்று யாருக்கும் ஞாபகம் வராது. என் கணவர் அதன் செயலாளர். அவருக்குக் கடைத்தெருவில் கயிறும் ஆணியும் பெயின்ற்றும் விற்கிற கடை ஒன்று இருந்தது. கடையைவிடக் கட்சியில்தான் அவருக்குக் கவனம்.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தை விட்டுப் போய்க் கொஞ்ச வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. தளத்தை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் வேலையில்லாமல் நின்றன. உட்பக்கத்தில் அரசாங்கம் வெளியூர்ச் சிங்கள ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிக்கொண்டிருந்தது. காணி போய்விடும், மொழி போய்விடும் என்று எல்லாருக்கும் பயம். அந்தப் பயம் பொய் இல்லை, எனக்கும் இருந்தது. ஆனால் முன்னறைக்காரர் அந்தப் பயத்தை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்துக்கு மரியாதையாக மனு எழுதுவார்கள். கொழும்பிலிருந்து மந்திரி வந்தால் மாலையோடு முன்வரிசையில் நிற்பார்கள். கோபம் எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள் மேல்தான். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்போம். முன்னறைக்கு அவர்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம். மூதூர், கிண்ணியா முஸ்லிம்கள் தமிழ் பேசினாலும் வேறு ஆட்கள். நகரசபையில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. துறைமுகத்தில் சங்கம் சேர்க்கிறவர்கள் நாத்திகர். இவ்வளவு பேரையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிற ஆட்களுக்கு எங்கள் முன்னறையே தாராளம்.

கட்சிக்குச் சட்டதிட்டம், யாப்பு என்று ஒன்று எழுதியிருந்தார்களோ தெரியாது. எழுதியிருந்தாலும் எனக்கு அது தேவைப்படவில்லை. என் குசினியில் மூன்று விதமான ஏனங்கள் இருந்தன. ஒன்று மூக்குப்பேணி. வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு ஓரத்தில் மூக்கு வைத்த பித்தளைப் பேணி. அது நம்மவர்களுக்கு. அடுத்தது கண்ணாடிக் கிளாஸ். கடை விசயமாக வருகிற முஸ்லிம் வியாபாரி, வேதக்கார வாத்தியார் போன்றவர்களுக்கு அது. கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்றாவது, பின்பக்கம் வந்து நிற்கிறவர்களுக்கு வெறும் போத்தல். கணவர் குசினிப் பக்கம் தலையை நீட்டி, "பேணியிலை நாலு, கிளாசிலை ஒண்டு" என்பார். முன்னறையில் யார் இருக்கிறார்கள், யார் யாரைவிட எவ்வளவு உயரம் என்பதெல்லாம் எனக்கு உடனே விளங்கிவிடும். மேடையில் பேசுகிறவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதைக் கணவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். எனக்கு மச்சாள். அதற்கு முன்பே என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அண்ணனுக்கு என்னைப் பேசி முடித்ததே அவள்தான். தாய் இறந்த பிறகு அந்த வீட்டைக் கொண்டு நடத்தியவளும் அவள். நான் அந்த வீட்டுக்குப் போனது கணவருக்காக என்பதைவிட அவளோடு ஒரே குசினியில் நின்று கதைத்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காக என்று சொன்னால் அவர் கோபிக்கமாட்டார். அவருக்கே அது தெரியும்.

மச்சாள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன இடத்தில் ஒருவரை விரும்பினாள். அவர் துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்துக் கணக்கெடுத்து அனுப்புகிற வேலையில் இருந்தார். கடற்கரைப் பக்கத்து வேதக்காரர். மீன்பிடிக் குடும்பம். அமைதியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று மச்சாளுக்குத் தெரியும். ஆகவே கேட்காமலே கோயிலில் கல்யாணம் முடித்துவிட்டாள். கோயில் என்றால் அவர்கள் கோயில்.

அடுத்த நாள் முன்னறையில் கூட்டம். பேசுபொருள் என் மச்சாள். ஒரு பெண் யாரைக் கட்டினாள் என்பதை விவாதிக்கப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மடிப்புக் கலையாத சால்வையோடு வந்து இருந்தார்கள். செயலாளரின் வீடே உதாரணமாக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் பேணிகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்த சத்தம் கொஞ்சம் கூடத்தான் கேட்டிருக்கும்.

கல்யாணம் முடித்த சோடி பெண் வீட்டுக்கு வந்து ஒரு நேரம் சாப்பிட்டுப் போவது வழக்கம். மச்சாளும் அவள் கணவரும் வந்தார்கள். என் கணவர் வாசல் படலையைத் திறக்காமல் உள்பக்கம் நின்றார்.

"இனி இந்தப் படலைக்குள்ளை நீ கால் வைக்க ஏலாது. நான் ஒரு கட்சிக்குச் செயலாளர். ஊருக்குச் சொல்லுறதை வீட்டிலை செய்யாட்டி ஆர் என்னை நம்புவினம்?"

"உங்கட கட்சியிலை எத்தினை பேர், அண்ணா? அந்த எட்டுப் பேர் உங்களை நம்புறதுக்கு நான் வெளியிலை நிக்கவேணுமோ? அம்மா போன பிறகு உங்களுக்குச் சோறு வடிச்சுப் போட்டது நானோ, அவையளோ?"

அவர் கத்தினார். அவளும் விடவில்லை. ஒழுங்கையில் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் கணவர் அவளுடைய தோளைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள். சின்ன வயதில் அவர் களவாகத் தின்ற பலகாரத்திலிருந்து அன்றுவரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி, தொண்டை அடைத்த பிறகுதான் போனாள். அவர்களுக்காக நான் காலையிலிருந்து சமைத்த சாப்பாடு அடுப்படியில் இருந்தது. அதைச் செயலாளர் சாப்பிட்டார். எனக்கு அன்று வந்த கோபம் வருடக்கணக்காக ஆறவில்லை.

அதன்பிறகு மச்சாளை மீன் சந்தையில்தான் பார்ப்பேன். மீன் பார்க்கிற சாட்டில் நின்று கதைப்போம். "அண்ணா எப்பிடி?" என்று கேட்பாள். "கட்சி சுகமாயிருக்கு" என்பேன். சிரிப்பாள். ஆனால் நான் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடமாட்டேனா என்று ஒரு பார்வை பார்ப்பாள். கூப்பிட எனக்கு வீடு இருந்ததே தவிர படலை என் கையில் இல்லை. அவள் திரும்ப வர வேண்டும், குசினியில் என்னோடு நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கட்சியிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கட்சி தேர்தலில் நின்றது. கட்டுக்காசு போனது. சொந்தக்காரர் எல்லாரும் போட்டிருந்தாலே இதைவிடக் கூட விழுந்திருக்கும் என்று ஊர் சிரித்தது. அப்படியென்றால் சொந்தக்காரரே போடவில்லை. கணவர் ஒரு கிழமை யாருடனும் கதைக்கவில்லை. எனக்கு வீடு அமைதியாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் படித்துவிட்டு வந்த சட்டத்தரணி ஒருவர் கட்சிக்குள் நுழைந்தார். வெள்ளைக் காற்சட்டை, எண்ணெய் பூசிச் சீவிய தலை. மற்றவர்கள் பேச அரை மணித்தியாலம் எடுத்த விசயத்தை அவர் சிகரெட் ஒன்று முடிவதற்குள் சொல்லி முடித்தார். "ஐயாமார், நாங்கள் ஆர் ஆரை வேண்டாமெண்டு சொல்லுறமோ, அவையள்தான் இந்த ஊரிலை பாதிக்கு மேலை. அவையின்ரை வோட்டு இல்லாமல் பசனை நடத்தலாம். கட்சி நடத்த ஏலாது."

பெரியவர்கள் சிலர் சால்வையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். என் கணவர் போகவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். செயலாளர் என்று அழைக்கப்பட்ட காதும் அப்படித்தான் போலிருக்கிறது.

பிறகு நடந்த மாற்றங்களை நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். கூட்டத்துக்கு முன் தேவாரம் பாடுவது நின்றது. திருநீற்றுத் தட்டு மேசையிலிருந்து இறங்கியது. கொடியில் இருந்த சூலம் போய்ப் பாய்மரம் வந்தது. கடற்கரை ஆட்களுக்குப் பிடிக்குமாம். 'சைவத் தமிழன்' என்று தொடங்கிய பேச்செல்லாம் 'தமிழ் பேசும் மக்களே' என்று தொடங்கியது. பேசியவர்கள் அதே ஆட்கள். மாலை வாங்கிய மந்திரிக்குக் கறுப்புக்கொடி காட்டினார்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, மூதூர், வெருகல் என்று கிளைகள் முளைத்தன. என்னைக் கேட்காமலே என்னை மாதர் பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள். அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு மாதர் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சுவரொட்டிகளும் அப்போதுதான் வந்தன. கோதுமை மாவில் பசை காய்ச்சுவதும் என் தலையில்தான் விழுந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் கடைத்தெருவரைக்கும் நடந்து வரும். பசையின் ருசிக்காகச் சுவரொட்டியை உரித்துத் தின்றுவிடும். எதிர்க்கட்சிக்காரர் கிழித்துவிட்டார்கள் என்று கணவர் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். பொலிஸ்காரர் சிரித்தாராம். மான்களுக்கு மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்றாக இருந்தது.

நகரசபைத் தேர்தல் வந்தது. கடற்கரை வட்டாரத்துக்கு யாரை நிறுத்துவது என்று முன்னறையில் பேசினார்கள். சட்டத்தரணி யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். அது மச்சாளின் கணவருடைய பெயர். அவர் இதற்குள் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் முன்னணி ஆளாகியிருந்தார். கடற்கரை ஒழுங்கைகளில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.  எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர், "என்ர மச்சான்தானே, நான் போய்க் கதைக்கிறன்" என்றார்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த மனிதருக்கு மச்சான் என்ற முறை கிடைத்தது. நான் குசினியில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். கட்சி என்னவாகவும் மாறட்டும், மச்சாள் வரப்போகிறாள்.

தட்டத்தில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு போனோம். அவர்கள் வீடு ஓலை வேலிக்குள் கல்வீடு. முற்றத்தில் வலை காய்ந்தது. மச்சாள் எங்களைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் நின்றாள். கணவர், "பழசை மறப்பம்" என்றார். "மறந்துபோனால் நல்லதுதான்" என்றாள். அவளுடைய கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த ஒழுங்கையளுக்குத் தண்ணிக் குழாய் இல்லை. பொம்பிளையள் அந்தத் தூரத்துக்குப் போய்க் குடத்திலை கொண்டு வருகினம். குழாய் வருமெண்டால் நான் நிக்கிறன்."

"வரும்" என்றார் என் கணவர். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். மச்சாளும் அவள் கணவரும், கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி, துப்புரவுத் தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒருவர். எல்லாரும் முன்னறையில், ஒரே உயரத்துக் கதிரைகளில். அதற்கு முதல் நாள் கணவர் புதுக் கண்ணாடிக் கிளாசுகள் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தார். "இனிப் பேணி, போத்தல் ஒண்டும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே கிளாஸ்" என்றார். நல்ல விசயம்தான் என்று நினைத்தேன். போகும்போது திரும்பி நின்று, "குடிச்ச பிறகு அந்தக் கிளாசுகளைக் கீழ்த்தட்டிலை புறம்பா வை. எங்கட சாமானோடை சேர்க்காதை" என்றார். அவர் குரலில் ஒரு களவும் இல்லை. ஊருக்கு முன்னால் எல்லாரும் சமம் என்பதையும், வீட்டுக்குள்ளே அது செல்லாது என்பதையும் அவர் ஒரே மனதோடு நம்பினார். எங்கள் ஊரில் சமத்துவத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வந்தார்கள்.

முன்னறையில் எல்லாரும் குடித்தார்கள். கணவரும் அவர்களோடு சேர்ந்து புதுக் கிளாசில், எல்லாரும் பார்க்கக் குடித்தார். மச்சாள் தன் கிளாசை எடுத்துக்கொண்டு, வாய் வைக்காமல், பழைய பழக்கத்தில் நேரே குசினிக்கு வந்தாள். என் பக்கத்தில் நின்றாள். நான் எத்தனையோ வருடம் எதிர்பார்த்த நேரம் அது. குடித்து முடித்து, கணவர் சொன்னபடி நான் கழுவி வைத்த கிளாசுகள் அலுமாரியின் கீழ்த்தட்டில், ஒரு பழைய பத்திரிகைத் தாளின் மேல், தனியாகக் கவிழ்ந்திருந்தன. மேல்தட்டில் மூக்குப்பேணிகள் துலக்கியபடி இருந்தன. அவள் அந்த வீட்டில் பிறந்தவள். யாரும் அவளுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

கையில் இருந்த கிளாசை அப்படியே மேசையில் வைத்தாள். முன்னறைக்குப் போய், அத்தனை பேருக்கும் முன்னால், மெதுவாகச் சொன்னாள்: "கட்சி மாறியிருக்கு, அண்ணா. அலுமாரி மாறேல்லை." பிறகு படலையால் வெளியே போய்விட்டாள். அவள் கணவர் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டுப் பின்னால் போனார்.

ஆனாலும் அவர் தேர்தலில் நின்றார், வென்றார். குழாய்க்காக நிற்கிறேன் என்று சொன்னவர் அதற்காகத்தான் நின்றார். ஒவ்வொரு ஒழுங்கையாகத் தோண்டிக் குழாய் போட வைத்தார். கட்சியும் அதைத் தன் சாதனை என்று சுவரொட்டி அடித்தது. மச்சாள் மட்டும் வரவில்லை. அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் நான் ஒரே தட்டுக்கு மாற்றினேன். கணவர் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். அதை அவளிடம் சந்தையில் சொன்னேன். "உங்களிலை எனக்குக் கோவமில்லை மச்சாள்" என்றாள். வரவில்லை.

எழுபதுகள் முடியப்போகிற காலத்தில் ஊர் கெட்டுப்போனது. கலவரம் வந்தது. கடைத்தெருவில் கடைகள் எரிந்தன; எங்கள் கடையிலும் பாதி போனது. பகல் நேரத்திலேயே வீதியில் போக ஆட்கள் யோசித்தார்கள். வோட்டுக் கேட்டு, மனுப் போட்டு, கறுப்புக்கொடி காட்டி என்ன கண்டீர்கள் என்று, கட்சிக்குள் புதிதாக வந்த இளவட்டங்கள், எங்கள் பேச்சில் பெடியள், கேட்டார்கள்.  சட்டத்தரணி குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். பிறகு இலண்டனுக்கு என்று கேள்வி.

ஒரு மத்தியானம் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு பெடியள் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் பழைய பெரிய மனிதர் ஒருவருடைய மகன். நான் தேநீர் வைக்க எழுந்தேன். "வேண்டாமம்மா, நாங்கள் ஒரு இடத்திலையும் குடிக்கிறேல்லை" என்றான். அவ்வளவு மரியாதை. எனக்குப் பயம் பிடித்தது அதில்தான். அந்த வீட்டில் தேநீர் வேண்டாம் என்று சொன்ன முதல் கட்சிக்காரர் அவர்கள்.

"இனிக் கூட்டம் வைக்கிறேல்லை ஐயா. நிர்வாகசபையும் வேண்டாம். ஆர் என்ன செய்யினமெண்டு ஆருக்கும் தெரியாமல் இருக்கிறதுதான் பாதுகாப்பு" என்றான்.

"அப்ப முடிவு எடுக்கிறது ஆர்?"

"முடிவு வரும் ஐயா."

கணவர் கையைக் கழுவிவிட்டு வந்து, இந்த மேசையையும் கதிரைகளையும் என்ன செய்வது என்று கேட்டார். பெடியள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவில்லை.

கட்சியின் பெயர் அதுவேதான். பாய்மரக் கொடியும் அதுவேதான். உள்ளே இருந்தது வேறு. முதலில் பிறப்பைப் பார்த்து ஆளை வெளியில் நிறுத்தினார்கள். அது கொடுமை, ஆனால் வேதக்காரனுக்குத் தான் வேதக்காரன் என்று தெரியும், எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்றும் தெரியும். பிறகு வோட்டுக்காக எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். இப்போது வந்த சொல் துரோகி. அந்தச் சொல்லுக்குச் சாதி இல்லை, சமயம் இல்லை. யார் மேலும் ஒட்டும். தான் துரோகி என்று ஒருவனுக்குத் தன் பெயரைச் சுவரில் பார்த்த பிறகுதான் தெரியவரும். வாசலுக்கு வெளியே நிறுத்த யாராவது ஒருவர் வேண்டும் என்ற ஒன்று மட்டும் மூன்று காலத்திலும் மாறாமல் இருந்ததாக நான் நினைக்கிறேன். இதைக் கணவரிடம் சொன்னேன். உனக்கு அரசியல் விளங்காது என்றார்.

தமிழ் உறுப்பினர் எல்லாரும் நகரசபையிலிருந்து விலக வேண்டும் என்று முடிவு வந்தது. எங்கிருந்தோ வந்தது. மச்சாளின் கணவர், கடைசி ஒழுங்கை தோண்டியபடி கிடக்கிறது, குழாயைப் போட்டுவிட்டு விலகுகிறேன் என்று சொன்னார். அதே மாதத்தில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் துறைமுகக் கேற்று வாசலில் ஒன்றாக இருந்தார்கள். சங்கத்து ஆள் என்ற முறையில் அவரும் நடுவில் இருந்தார். அடுத்த நாள் காலையில் துறைமுக வீதிச் சுவரில் தாரால் பெரிதாக அவருடைய பெயர். கீழே அந்தச் சொல். மான் தின்ன அதில் பசை இல்லை.

அன்று மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, குசினிப் பக்கம் திரும்பாமல், நேரே அண்ணனுக்கு முன்னால் நின்றாள். தலை வாரியிருக்கவில்லை.

"அண்ணா, நீங்கள் தொடங்கின கட்சி. உங்கட ஆக்களோடை கதையுங்கோ. கடைசிக் குழாயைப் போட்டிட்டு அவர் விலகிடுவார். அதை மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

கணவர் உடனே சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அன்று அவர் மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணம் முடித்த காலத்தில்கூட வந்ததில்லை. முதலில் அந்தச் சைக்கிள் பெடியனிடம் போனார். "எங்கட ஆக்கள் எழுதினதோ எண்டு எனக்குத் தெரியாது ஐயா. நிலாவெளியிலை ஒருத்தரைக் கேட்டுப் பாருங்கோ" என்றான். நிலாவெளியில் ஒரு வாத்தியார். அவர் புல்மோட்டையில் ஒருவரைக் காட்டினார். அந்த ஆள் மூதூரில் ஒருவரைச் சொன்னார். அந்த ஆளைத் தேடிக் கணவர் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து போனார். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லாரும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். எந்தப் பெடியனுக்கும் தனக்கு அடுத்தவனைத் தவிர வேறு யாரையும் தெரியாது. அல்லது தெரியாது என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

மூதூரிலிருந்து திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. முன்னறைக் கதிரையில் இருந்தார். அந்த அறையில் அவர் ஒருவராக இருந்து நான் பார்த்தது குறைவு.

"நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சன். கடைசியிலை அவன் என்னைக் கேக்கிறான், நீங்கள் ஆர் ஐயா எண்டு."

நான் பக்கத்தில் போய் இருந்தேன். சொல்லிக்காட்ட எத்தனையோ இருந்தன. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை.

பெடியள் யாரோ மச்சாளின் வீட்டு வாசலில் நின்று, கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த அவள் கணவரிடம், ஊரில் இருக்காமல் இருப்பது நல்லது அண்ணை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதுவும் மரியாதையாகத்தான். முன்பின் கண்ட முகங்கள் இல்லை. மன்னார்ப் பக்கம் அவருடைய தங்கை குடும்பம் இருந்தது. அங்கே போவது என்று முடிவு செய்தார்கள். கடைசி ஒழுங்கை தோண்டியபடியே கிடந்தது.

காலை பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மச்சாளின் பிள்ளைகள் யன்னல் பக்கம் ஏறி இருந்துவிட்டார்கள். அவள் கணவர் பெட்டிகளை மேலே ஏற்றுவித்துக்கொண்டு நின்றார். நான் கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலை மச்சாளிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். கணவர் கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு கிட்ட வந்து அவள் கையைப் பிடித்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"கொஞ்ச நாளிலை எல்லாம் அடங்கிடும். திரும்பி வந்து எங்கட வீட்டிலையே இரு. இனி உன்னை ஒருத்தரும் போகச் சொல்லாயினம்" என்றார். 

மச்சாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் படலையிலை நிண்டு என்னைப் போகச் சொன்னீங்கள். தொண்டை அடைக்க உங்களோடை சண்டை பிடிச்சனான். இப்ப நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது, அண்ணா? ஆரெண்டு சொல்லுங்கோ. பஸ்ஸை விட்டுட்டுப் போய்ப் பிடிச்சிட்டு வாறன்."

கட்சியைத் தொடங்கியவர் வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஏறினாள்.